தேர்தலில் நிற்காத நஸ்மியே

பள்ளிக்கூடத்தில் ஓட்டு எண்ணிக்கொண்டிருந்த அறைக்குள் நஸ்மியே டீத்தட்டோடு நுழைந்த நேரத்தில்தான் அவள் பெயர் வாசிக்கப்பட்டது. காலையிலிருந்து இந்த மனுஷர்கள் வாயில் ஒன்றும் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்களே என்று வீட்டிலிருந்து டீ போட்டு எடுத்துவந்திருந்தாள். பெட்டிக்குப் பொறுப்பாக இருந்த வாத்தியார் தன்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "இதோ வந்துட்டேன் சார், சர்க்கரை தனியா வெச்சிருக்கேன்" என்றாள்.

"உங்களைக் கூப்பிடலக்கா" என்றார் வாத்தியார். கையிலிருந்த துண்டுத் தாளை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிப் பிடித்தார். "ஓட்டு. உங்க பேருக்கு விழுந்திருக்கு."

அறையே சிரித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் பஹ்ரியும் சிரித்தார். நாலு தேர்தலாக மெர்திவென்லி மஹல்லாவின் முஹ்தார் அவர்தான். பேட்டைக்கு ஒரு தலைவர், அரசாங்கத்திடம் அதன் வாய், எல்லாமே அவர். ஐந்தாவது தடவையாக நிற்கிறார். அவரை எதிர்த்து நின்ற செஸாய் ஒரு வீட்டுத் தரகன். அவன் சொந்தக்காரர்களைத் தவிர வேறு யார் அவனுக்குப் போடப்போகிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஜெயிப்பது யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. எவனோ குறும்புக்காரன் முஹ்தார் பெண்சாதியின் பெயரை எழுதிப் போட்டுவிட்டான், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள்.

அப்படி எழுதிப் போட வழியிருக்கிறது. முஹ்தார் தேர்தலில் கட்சி கிடையாது, மனு கிடையாது. நிற்கிறவன் தன் பெயரைத் தானே சீட்டுகளில் அச்சடித்து, ஓட்டுப் போடும் மறைவுக்குள் கட்டுக்கட்டாக வைத்துவிட்டு வருவான். பிடித்தவர்கள் அதில் ஒன்றை எடுத்து உறைக்குள் போடுவார்கள். எதுவும் பிடிக்கவில்லையா, ஒரு வெள்ளைத் தாளில் பேட்டையில் வசிக்கிற எவர் பெயரையும் எழுதிப் போட்டுக்கொள்ளலாம். அதுவும் செல்லும். ஆனால் எவன் மெனக்கெட்டுப் பேனாவைத் தேடுவான்?

வாத்தியார் அடுத்த உறையைப் பிரித்தார். பஹ்ரி. அடுத்தது செஸாய். அதற்கடுத்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோணல் எழுத்தாக நஸ்மியே. மறுபடி பஹ்ரி. மறுபடி நஸ்மியே, இந்த முறை கோடு போட்ட நோட்டுத் தாளில். அதற்கப்புறம் மருந்துச் சீட்டின் ஓரம் ஒன்று, சிகரெட் அட்டையின் உள்பக்க வெள்ளை ஒன்று. சிரிப்பு மெல்ல அடங்கிற்று. நஸ்மியே டீத்தட்டை மேஜையில் வைக்கவும் மறந்து அப்படியே நின்றாள். கை வலிக்க ஆரம்பித்தது கூட அவளுக்குத் தெரியவில்லை.

இந்த நஸ்மியே யார் என்று அந்த அறையில் இருந்த எவனைக் கேட்டிருந்தாலும் "முஹ்தார் வீட்டு மதினி" என்றுதான் சொல்லியிருப்பான். அதற்கு மேல் சொல்ல அவளைப் பற்றி ஒன்றும் இல்லை என்றே அவளும் நினைத்திருந்தாள்.

பழுப்புக்கொட்டை விளைகிற மலைக்கிராமத்திலிருந்து இந்த நிலக்கரி ஊருக்கு மருமகளாக வந்தவள். மெர்திவென்லியில் தெரு என்று ஒன்று கிடையாது, எல்லாம் படிக்கட்டுதான். கடற்கரையில் ஆரம்பித்து மலை உச்சி வரை படி. வந்த முதல் குளிர்காலத்திலேயே பக்கத்து வீட்டுக்காரி உறைந்துபோன படியில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டாள். மறுநாள் விடியும் முன்னே நஸ்மியே தன் அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளி, தன் வீட்டு வாசலிலிருந்து கீழ்த் திருப்பம் வரைக்கும் படிகளில் தூவினாள். அன்றைக்குத் தூவ ஆரம்பித்தவள்தான், பனி விழுந்த ஒரு காலையும் விட்டதில்லை. தூவிவிட்டுப் போகிற வழியில், தனியாக இருக்கிற வயசாளிகளின் கதவைத் தட்டி உயிரோடு இருக்கிறார்களா என்று பார்ப்பாள். இருந்தால் திட்டு விழும், தூக்கத்தைக் கெடுத்தாள் என்று.

பஹ்ரி முஹ்தாரானது வேறு கதை. சுரங்கத்தில் மண் சரிந்தபோது இரண்டு கூட்டாளிகளைத் தோளில் இழுத்துக்கொண்டு வெளியே வந்தவர் அவர். அந்த ஒரு காரியத்துக்கு மஹல்லா அவருக்கு நாலு தடவை ஓட்டுப் போட்டது. நியாயம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். பேச்சும் நன்றாக வரும். அமைச்சர் வந்தால் அமைச்சருக்குத் தகுந்த பேச்சு, குடிகாரன் வந்தால் குடிகாரனுக்குத் தகுந்த பேச்சு. ஆனால் நுரையீரலில் கரித்தூள் ஏறியிருந்ததால் படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆகவே பகலெல்லாம் அடிவாரத்தில் தஹ்சினுடைய காப்பிக்கடையில் இருப்பார். சான்றிதழ் வேண்டி வருகிறவர்கள் மேலே வீட்டுக்கு வருவார்கள். நஸ்மியே விஷயத்தைக் கேட்டு, தாளை எழுதி, அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, காப்பிக்கடைக் கதவுக்கு வெளியே நின்று யாரையாவது விட்டு உள்ளே அனுப்பிக் கையெழுத்து வாங்கி, மறுபடி மேலே ஏறுவாள். கையெழுத்து அவருடையது, கால் அவளுடையது.

ஒரு வசந்தகால மழையில் மேல்வரிசை வீடுகளின் தாங்குசுவர் வயிறு தள்ளிற்று. நகராட்சிக்குச் சொன்னால் அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். நஸ்மியே வரிசையாகக் கதவைத் தட்டி எல்லோரையும் பள்ளிவாசலுக்கு இறக்கினாள். நகரமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு வீட்டில் அவர்களுடைய டெலிவிஷனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், பின்னாலேயே வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் பெண்களை அழைத்துக்கொண்டு சேற்றுச் செருப்போடு நகராட்சி அலுவலகத்துக்குப் போய், அவர்களுடைய நல்ல கம்பளத்தின் மேல் உட்கார்ந்தாள். சாயந்திரம் இன்ஜினியர் வந்தார். அவர் வந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் இடிந்து, காலியாகக் கிடந்த இரண்டு சமையலறைகளை அப்படியே மூடிற்று. பத்திரிகைக்காரர்கள் வந்தபோது பஹ்ரி பேசினார். நன்றாகவே பேசினார். நஸ்மியே பள்ளிவாசலுக்குள் எல்லோருக்கும் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் பொதுத்தொண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும். வீட்டு வேலை முடிந்த பிறகு செய்கிற வேலை, அவ்வளவுதான் அவளுக்கு.

வாத்தியார் மூன்று தடவை எண்ணினார். மூன்றாவது தடவை எண்ணும்போது அவர் குரலே மாறிப்போயிருந்தது. செஸாய் மூன்றாவது இடம். பஹ்ரி இரண்டாவது இடம். நஸ்மியே, பஹ்ரியை விட ஒரே ஓர் ஓட்டு அதிகம்.

யாரும் கைதட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் பயந்தார்கள். கதவோரம் நின்றிருந்த செஸாய்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஒரே ஓட்டு" என்றான். "அது யாரு போட்டதுன்னு ஜோசியம் பாக்கணுமா? நான் வெளியில இருந்து இடிச்சேன், உள்ள இருந்தே தோண்டியிருக்காங்க."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. நஸ்மியே டீத்தட்டை மேஜையில் வைத்தாள். "நான் இவருக்குத்தான் போட்டேன்" என்றாள். "அல்லாஹ் சத்தியமா இவருக்குத்தான் போட்டேன்."

பஹ்ரி எழுந்தார். தொப்பியைத் தலையில் வைத்தார். வெளியே போனார். அவர் மூச்சு வாங்குகிற சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

வீட்டில் அவர் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நஸ்மியே எதிரே போய் உட்கார்ந்தாள்.

"இந்தாங்க, என் முகத்தைப் பாருங்க. உங்க சீட்டைத்தான் எடுத்தேன், மடிச்சு உறைக்குள்ள போட்டேன். பேனாவே என்கிட்ட இல்ல."

"விடு" என்றார் பஹ்ரி.

"விடுன்னா? நம்பறீங்களா, இல்லையா?"

"படு, நஸ்மியே."

அவளுக்கு அது செருப்படி மாதிரி இருந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் எத்தனையோ சண்டை. ஆனால் நீ சொல்வது பொய் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லைதான். ஆனால் அந்த மனுஷர் அவள் முகத்தையே பார்க்க மாட்டேன் என்கிறார். முஹ்தார் பதவி போனால் போகட்டும், அவரிடம் இருக்கிற தன் பெயரே போய்விட்டதே என்றிருந்தது அவளுக்கு.

காலையில் ரொட்டிக்கடைக்குப் போனாள். உள்ளே சளசளவென்று இருந்த பேச்சு அவள் நுழைந்ததும் நின்றது. ரொட்டிக்கார வெய்சல் அவள் கேட்பதற்கு முன்பே ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தான், கண்ணை மட்டும் தூக்கவில்லை. திரும்பும் வழியில் பக்கத்து வீட்டு குலிஸார் அவள் கையைப் பிடித்துச் சந்துக்குள் இழுத்தாள். அழுது அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"நான்தான்டி அது" என்றாள். "அந்த ஒரு ஓட்டு நான் போட்டது."

"எது?"

"உன் பேரை எழுதினது நான்தான். பஹ்ரி அண்ணன் எப்படியும் ஜெயிச்சிருவாரு, நம்ம ஒருத்தி ஓட்டு எதுக்கு, பாவம் இவளுக்கு ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமேன்னு எழுதினேன். என் மாமியார் படுத்த படுக்கையா கிடக்கறப்ப நீ வந்து புரட்டிப் போட்டியே, அந்த ஞாபகம். சத்தியமா நீ ஜெயிக்கணும்னு எழுதலடி."

நஸ்மியே அவளை முறைத்துப் பார்த்தாள். "இதை வெளியில வந்து சொல்றியா?"

"ஐயோ, எங்க வீட்டுக்காரரு என்னை உயிரோட புதைச்சிருவாரு" என்று முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலிஸார் ஓடினாள்.

மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், ஒருத்தி பின்வாசல் வழியாக. அதே கதை, அதே அழுகை. அந்த ஒரு ஓட்டு தன்னுடையதுதான் என்று ஒவ்வொருத்தியும் நம்பினாள். அண்ணன் குடியைக் கெடுத்துவிட்டேனே என்று ஒவ்வொருத்தியும் மாரில் அடித்துக்கொண்டாள். நஸ்மியேவுக்கு அப்போதுதான் விளங்கிற்று. ஒருவரும் கூடிப் பேசவில்லை, ஒருவரும் சதி செய்யவில்லை. ஆளுக்கொரு நன்றியை, யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து, ஒரே நாளில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நன்றி சொல்லக் கதவு இல்லையா? ஒரு தட்டு இனிப்பு பக்லவா செய்துகொண்டு வந்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்குமா?

அன்றைக்கும் மறுநாளும் பஹ்ரி வாயைத் திறக்கவில்லை. காப்பிக்கடைக்குப் போவார், வருவார். கீழே என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் படி ஏறி வந்துகொண்டிருந்தது. பாம்புக்குப் பால் வார்த்தான் பஹ்ரி என்று பேசினார்களாம். பெண்சாதியை நம்பி மறைவுக்குள் அனுப்பினானே என்றார்களாம். மூன்றாம் நாள் நஸ்மியே முடிவு செய்தாள். எனக்கு இந்தப் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவது. ஆனால் அதைத் தேர்தல் அதிகாரியிடம் சொல்வதற்கு முன்னால் காப்பிக்கடையில் சொல்வது. பேச்சு அங்கேதானே நடக்கிறது.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் காப்பிக்கடைக் கதவைத் தள்ளி உள்ளே வந்தபோது ஆட்டக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. பெண்பிள்ளை காலடி பட்ட கடையில்லை அது. தஹ்சின் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து, "மதினி, என்ன வேணும்? நான் வெளியில கொண்டுவந்து தரேன்" என்றான்.

"எனக்கு எதுவும் வேணாம். நாளைக்குப் போய் எனக்கு இது வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வரேன். உங்க முஹ்தாரை நீங்களே வெச்சுக்கங்க, இல்ல வேற யாரையாவது பாத்துக்கங்க. அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு தெரியணும். இங்க இருக்கறவங்கள்ல யாரு என் பேரை எழுதினது?"

"நான் பஹ்ரி அண்ணனுக்குத்தான் போட்டேன்" என்றான் தஹ்சின் உடனே.

"நானும் அண்ணனுக்குத்தான்" என்றான் வெய்சல். "ரொட்டி மேல சத்தியம்."

அந்தக் கடைசி மேஜையிலிருந்து இந்த மேஜை வரை எல்லோரும் சத்தியம் செய்தார்கள். ரொட்டி மேல், பிள்ளை மேல், செத்துப்போன தகப்பன் மேல். நஸ்மியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நல்லது" என்றாள். "ஆம்பளைங்க எல்லாரும் இவருக்குப் போட்டிருக்கீங்க. பொம்பளைங்களும் ஊரறிய அப்படித்தான் சொல்றாங்க. அப்ப மீதியெல்லாம் எங்க இருந்து வந்துச்சு? சுரங்கத்துல செத்தவங்க எந்திரிச்சு வந்து எழுதிட்டுப் போனாங்களா?"

வெய்சல் தொண்டையைக் கனைத்தான். "மத்ததை விடுங்க மதினி. தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கடைசி ஒண்ணு இருக்கு பாருங்க, அது மட்டும் வெளி ஆளு போட்டதா தெரியல."

"ஆமா, வெளி ஆளு இல்ல" என்று மூலையிலிருந்து குரல் வந்தது. "அது என்னுது."

பஹ்ரி. கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

நஸ்மியே அவர் மேஜைக்குப் பக்கத்தில் போனாள். "என்ன சொன்னீங்க?"

"மறைவுக்குள்ள போனேன். என் பேரு கட்டுக்கட்டா இருந்துச்சு. ஒண்ணை எடுத்தேன். அப்ப ஜன்னல் வழியா பாக்கறேன், நீ அந்த நொண்டி ஷாபனை நாற்காலியோட படியில இறக்கிக்கிட்டு வர்ற, எனக்கு ஓட்டுப் போடறதுக்கு. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவன் தம்பி." அவருக்கு மூச்சு வாங்கிற்று, நிறுத்தினார். "நான் உனக்கு ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல. அங்க யாரும் பாக்க மாட்டாங்க. எழுதிட்டேன். ஒரு ஓட்டுதானே, எனக்கு என்ன குறைஞ்சிரப்போகுதுன்னு."

அந்த ஒன்றை அவர் தன் சீட்டிலேயே போட்டிருந்தால் அவரே ஜெயித்திருப்பார் என்ற கணக்கு எல்லோர் தலையிலும் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டாள் நஸ்மியே.

பஹ்ரி நிமிர்ந்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். "போட்டிருக்க மாட்டேன்" என்றார்.

பொய் சொல்லத் தெரிந்த வாய்தான் அது, ஆனாலும் சொல்லவில்லை. நஸ்மியேவுக்குச் சிரிப்பு வருமோ அழுகை வருமோ என்று இருந்தது. வந்தது இரண்டும் இல்லை.

"மூணு நாளா" என்றாள் மெதுவாக. "மூணு நாளா இந்த ஊரு என்னைப் பாம்புங்குது. கட்டினவனை உள்ள இருந்து கவுத்தவள்ங்குது. நான் உங்க காலடியில உக்காந்து சத்தியம் பண்ணினேன். உங்களுக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் உங்களுக்குத் தெரியும்."

"சொன்னா சிரிப்பாங்கன்னு பயந்தேன்."

"உங்களைப் பாத்து சிரிச்சிருப்பாங்க. அதுக்குப் பதிலா என்னைத் துப்பட்டும்னு விட்டுட்டீங்க."

அமைச்சரிடமும் குடிகாரனிடமும் பேசத் தெரிந்த மனுஷர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். மற்றவர்களில் ஒருவனாவது, நானும் போட்டேன் மதினி என்று சொல்வான் என்று நஸ்மியே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லோரும் மேஜையில் கிடந்த கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் தஹ்சின் கேட்டான், கொஞ்சம் ஆசையாகவே: "அப்ப மதினி, நாளைக்குப் போய் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறீங்களா?"

நஸ்மியே கீழே பார்த்தாள். வாசல் நிலையைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்திருந்தது. கரி கலந்த கறுப்புத் தண்ணீர், அவள் செருப்பைச் சுற்றிக்கொண்டு மேஜைகளுக்கு அடியில் போயிற்று.

"கொடுக்கலாம்னுதான் வந்தேன்" என்றாள். "இப்ப மனசு இல்ல. நான் முஹ்தாராவே இருந்துட்டுப் போறேன்."

தஹ்சின் ஒரு சாக்கை எடுத்து வாசல் நிலையில் போட்டான்.

"மழை விட்டதும் ஆளுக்கு ஒரு மண்வெட்டியோட வந்து சேருங்க. சாக்கடை அடைச்சுக்கிட்டிருக்கு, இன்னைக்கே எடுக்காட்டா ராத்திரிக்குள்ள ஷாபன் வீட்டுக்குள்ள தண்ணி நிக்கும். யாரும் யாருக்காகவும் சத்தியம் பண்ண வேண்டாம், மண்ணை அள்ளினா போதும்." பஹ்ரியைப் பார்த்தாள். "நீங்களும்தான். அள்ள முடியாட்டா வாளியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க."

பஹ்ரி எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தாலும் குரல் பணிவாகவே இருந்தது.

"வரேன்" என்றார். "எந்தச் சாக்கடை?"

நஸ்மியே திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள், எவனாவது சொல்வான் என்று. நாலு தேர்தலாக முஹ்தாராக இருந்தவர் கேட்ட அந்தக் கேள்விக்கு அங்கே ஒருவனும் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவனுக்கும் அது தெரியாது.